போகாத நீரும் திரும்பிய நீரும்

டிஷ்வாஷர் எனப்படும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் அடித்தட்டில் கலங்கிய நீர் நிற்பதைக் காணும் வீட்டார் பம்ப் போய்விட்டது என்றே நினைப்பதும், அழைத்து வரப்பட்ட மெக்கானிக்கும் அதை மறுக்காமல் புதிய பம்ப் ஒன்றை மாட்டிவிட்டுப் போவதும், சில நாளில் அதே நீர் அதே இடத்தில் மறுபடி நிற்பதும் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புதிய செய்தி அல்ல. இந்தத் தொழிலில் ஊறியவர்கள் ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை தேடுவார்கள். நிற்கும் நீர் இயந்திரத்தை விட்டு வெளியே போகவே இல்லையா, அல்லது முறையாகப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்ததா என்பதே அக்கேள்வி. கண்ணுக்கு இரண்டும் ஒரே குட்டையாகத்தான் தெரியும்; ஆனால் முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் சல்லடை, பம்ப், ஹோஸ் ஆகிய மூன்றில் ஒன்றாகவும், இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டின் கழிவுநீர் இணைப்பாகவும் இருக்கும். பம்பை மாற்றியும் தீராத புகார்களில் பெரும்பங்கு இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையாளரின் அனுபவம்.

இன்றைய வீட்டு உபயோக இயந்திரம் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 9 முதல் 12 லிட்டர் நீரையே செலவிடுகிறது. அதையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளாமல் தவணைக்கு மூன்று, நான்கு லிட்டராக எடுத்து, அந்த நீரையே சுழலும் தெளிப்புக் கைகளின் வழியே பாத்திரங்கள்மீது திரும்பத் திரும்ப அடித்து, அழுக்கேறியதும் வெளியேற்றிவிட்டு அடுத்த தவணையை எடுக்கிறது. தெளிப்பதற்கு ஒரு பம்பும் வெளியேற்றுவதற்கு வேறொரு பம்பும் உள்ளே உண்டு. பின்னதுதான் டிரெயின் பம்ப் எனப்படும், 30 வாட் அளவிலான, கைக்கு அடக்கமான சிறு மோட்டார். தொட்டியின் தரையில் நீர் வடியும் பள்ளத்தைத் தொழிலில் சம்ப் என்பார்கள். சம்பின் வாயில் சல்லடை, அதன் பக்கவாட்டில் டிரெயின் பம்ப், பம்பின் வாயை அடுத்து என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வு, அதிலிருந்து மடிப்பு மடிப்பாக வளையும் டிரெயின் ஹோஸ், ஹோஸின் மறுமுனையில் வீட்டின் கழிவுக் குழாய் என்பது நீர் போகும் வழி. ஒருவழி வால்வு என்பது உள்ளிருந்து வரும் நீரை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்து மூடிக்கொள்ளும் ரப்பர் மடலன்றி வேறில்லை. கழுவி முடிந்த பின்னும் சம்பின் ஆழத்தில் ஒன்றிரண்டு டம்ளர் நீர் தங்கியிருப்பது பழுதன்று; ரப்பர் சீல்கள் காயாமல் ஈரமாக இருப்பதற்கு அந்நீர் உதவுகிறது. சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் மட்டுமே தெரியும் இந்த நீரைக் கண்டு அஞ்சி அழைப்பவர்களும் உண்டு. அவர்களிடம் கட்டணம் வாங்கும் மெக்கானிக்குக் கொஞ்சம் மனசாட்சி உறுத்தத்தான் செய்யும்.

இயந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீட்டுக் குழாயை மீறி அது எதுவும் செய்துவிட முடியாது என்பது இந்தக் கருவியின் வரலாற்றிலேயே உள்ள செய்தி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் நகரில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரன் 1886-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெயர் பெற்றபோதிலும், அதை வாங்கியவை ஹோட்டல்களும் அவை போன்ற பெரிய சமையற்கூடங்களுமே. சாதாரண வீடுகளில் அது பரவுவதற்குச் சுடுநீரும் ஒழுங்கான கழிவுக் குழாயும் வந்து சேரவேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது வீட்டு வேலைக்கு ஆள் வர இயலாமற்போக, டிஷ்வாஷருக்கான தேவை சட்டெனக் கூடியது. ஆனால் அது வந்து இறங்கிய சமையலறைகளோ அதற்கென ஒரு கழிவு வாயை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே இயந்திரம் பெரும்பாலும் யுடிலிட்டி எனப்படும் பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்திற்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. அதன் ஹோஸ் தரையிலுள்ள நஹானி ட்ராப்பில் செருகப்பட்டது, அல்லது சிங்கின் அடியில் தொங்கும் வேஸ்ட் பைப்பில் ஒரு துளையிட்டு நுழைத்து எம்-சீல் பூசி ஒட்டப்பட்டது. நஹானி ட்ராப் என்பது தரைக் கழிவுநீரை வாங்கி, சாக்கடை நாற்றம் மேலே வராதபடி எப்போதும் சிறிது நீரைத் தேக்கிவைக்கும் கிண்ணம். இந்த இணைப்புகளைச் செய்தவர் பிளம்பர். இயந்திரத்தைத் திறப்பவர் மெக்கானிக். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருப்பது அரிது என்பதால் இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த மூட்டு யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கிறது.

போகாத நீரையும் திரும்பிய நீரையும் பிரித்தறிய முதலில் உதவுபவை கையும் மூக்கும். சுற்று முடிந்து சற்று நேரத்தில் பார்க்கும்போது நீர் வெதுவெதுப்பாகவும், டிடர்ஜென்ட் மணத்தோடும் இருந்தால் அது போகாத நீர். குளிர்ந்து, சோற்றுப் பருக்கையோ டீத்தூளோ மிதந்து, சிங்கின் புளித்த வாடை வீசினால், டீத்தூள் இந்த இயந்திரத்திற்குள் எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும். "காலையில காலியாத்தான் இருந்துச்சு தம்பி, மத்தியானம் பாத்தா தண்ணி நிக்குது" என்று வீட்டு அம்மா சொல்வது ஒரு மல்டிமீட்டர் அளவைக்குச் சமமான சான்று. இடையில் சிங்கில் யாரோ அரிசி களைந்திருப்பார்கள். திரையில் தோன்றும் பிழைக் குறியும் இதே கேள்விக்கு விடை சொல்கிறது. பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் ஈ24 என்பது நீர் வெளியேறவில்லை என்பதையும், ஈ25 என்பது பம்ப் அடைபட்டது அல்லது அதன் மூடி சரியாக அமரவில்லை என்பதையும் குறிக்கும்; எல்ஜியில் ஓஈ, சாம்சங்கில் 5சி என வரும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே தன் நீர்மட்டத்தைக் கவனித்துப் புகார் செய்கிறது. சுற்று முடிந்து அணைந்த பிறகு திரும்பி வரும் நீரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆகவே குறி ஏதுமின்றி நீர் மட்டும் நிற்குமாயின் சந்தேகம் வெளிப்பக்கமே சாய வேண்டும்.

நீரின் அளவையும் கவனிப்பது நன்று. 18 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒன்றரை மீட்டர் ஹோஸில் அடங்குவது 400 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒருவழி வால்வின் மடல் பழுதானால் ஹோஸில் ஏறி நின்ற நீர் மட்டும் சம்புக்குள் வழிந்துவிடும். அது சல்லடையை நனைக்குமே தவிர, தொட்டியின் தரையெங்கும் பரவாது. லிட்டர் கணக்கில் நீர் நின்றால் அது ஹோஸில் இருந்த நீராக இருக்க வழியில்லை. ஐயம் தீரவேண்டுமானால், காலியான இயந்திரத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிங்கின் வாயை அடைத்து நீர் நிரப்பி, அடைப்பை எடுத்துவிட்டு, சம்பில் நீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இதற்கடுத்தது வாளிச் சோதனை. ஹோஸின் முனையை வீட்டுக் குழாயிலிருந்து உருவி வாளிக்குள் விட்டு, இயந்திரத்தை நீர் வெளியேற்ற மட்டும் செய்து பார்ப்பதே அது. பல இயந்திரங்களில் ஸ்டார்ட் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஓடும் சுற்று ரத்தாகி டிரெயின் பம்ப் இயங்கத் தொடங்கும். இந்தச் சோதனையில் அனுபவமில்லாதவர்கள் வாளியைத் தரையில் வைத்துவிடுகிறார்கள். தரையில் வைத்தால் நீர் தானாகவே இறங்கி வடிந்துவிடும், பம்ப் பாடுபடவே தேவையில்லை. நோயுற்ற பம்பும் நலமானதாகக் காட்டிக்கொள்ளும். வாளியை ஒரு ஸ்டூல்மீது ஏற்றி, சிங்கின் இணைப்பு இருந்த உயரத்தில் முனையைப் பிடித்தால்தான் உண்மை வெளிவரும். அந்த உயரத்திலும் நீர் வேகமாகப் பாய்ந்து ஒரு நிமிடத்திற்குள் தவணை முழுவதும் காலியாகுமானால் இயந்திரத்தை மேற்கொண்டு திறப்பது வீண் வேலை. நூலாக ஒழுகினால் வழியில் பாதி அடைப்பு அல்லது பம்பினுள் நீரைத் தள்ளும் விசிறிச் சக்கரத்தின் இதழ் உடைவு. உறுமல் மட்டும் கேட்டு நீர் வராவிட்டால் சக்கரம் சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மின்சாரம் பம்புக்கு வரவில்லை அல்லது அதன் சுருள் அறுந்திருக்கிறது.

சல்லடையைத் துடைப்பது பற்றி எல்லாக் கையேடுகளும் சொல்லிவிடுவதால் இங்கே நீட்ட வேண்டியதில்லை. ஆனால் கையேடுகள் சொல்லாத ஒன்று இட்லி மாவு. அரிசி மாவுச்சத்து 65 முதல் 75 பாகை வெப்பத்தில் நீரை உறிஞ்சிக் கூழாகும் தன்மையது. உளுந்தின் வழவழப்பும் அதனுடன் சேரும்போது, மாவுப் பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே வைத்து 70 பாகைச் சுற்றில் ஓட்டும் வீடுகளில், சல்லடையின் நுண்கண்களின்மேல் மெல்லிய பசைத்தோல் ஒன்று படிந்துவிடுகிறது. அப்போது நீர் சல்லடைக்கு மேலே நிற்கும், கீழே சம்ப் காலியாக இருக்கும், பம்ப் காற்றை இழுத்து உறுமும். சல்லடையைத் தூக்கியவுடன் நீர் மடமடவென இறங்கினால் நோய் இதுதான் என உறுதி. பழைய பல்துலக்கியும் குளிர்ந்த நீரும் போதும். சுடுநீர் ஊற்றினால் பசை இறுகும். மாவு தோய்ந்த பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் போடும்படி சொல்வதோடு வேலை முடிந்துவிடும். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் இதே கண்களில் சுண்ணாம்புப் படிவும் ஏறும். அதற்கு மருந்து எலுமிச்சை உப்பும், நீரை மென்மையாக்குவதற்கென இயந்திரத்திலுள்ள உப்புத் தொட்டியைக் காலியாக விடாத பழக்கமும்.

பம்பைப் பார்க்க வேண்டிய நிலை வந்தால், முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும்; ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று எண்ணுவது ஈரக் கையோடு வேலை செய்பவருக்கு உகந்ததன்று. நின்ற நீரைக் கப்பாலும், கடைசியில் ஸ்பாஞ்சாலும் ஒற்றி எடுத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், சம்பின் ஒரு பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் மூடி தெரியும். சில ஐரோப்பிய இயந்திரங்களில் அதைச் சாப்பாட்டு ஸ்பூனின் காம்பால் நெம்பி எடுக்கும்படி கையேடே சொல்கிறது. மூடிக்குப் பின்னால் இருப்பதுதான் விசிறிச் சக்கரம். வெறும் விரலை அங்கே விடுவது பெரும் தவறு, ஏனெனில் உடைந்த கண்ணாடி டம்ளரின் சில்லு நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. மூக்கு நீண்ட குறடும் மரக்குச்சியும்தான் அங்கே விரல்கள். அங்கிருந்து வெளிவரும் பொருள்கள் அந்த வீட்டின் சமையலை ஒப்பிக்கும்: கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைக்காய் நார், மீன் முள், ஊறுகாய் பாட்டிலிலிருந்து உரிந்த லேபிள் தாளின் கூழ். இவை அனைத்தினும் ஏமாற்றுவது பால் கவரின் வெட்டிய மூலை. பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும் அந்தக் கண்ணாடி போன்ற முக்கோணம் சக்கரத்தின் இதழ்களுக்கிடையே சுருண்டு, டார்ச் ஒளியிலும் நீர்த்துளியாகவே தோன்றும்.

சல்லடை இருக்கும்போது இவையெல்லாம் பம்புவரை எப்படி வந்தன என்று வீட்டார் கேட்பது நியாயமே. விடை, சல்லடையை எடுக்கும் விதத்தில் இருக்கிறது. எச்சம் சிதறிக் கிடக்கும்போதே சல்லடையை உருவினால் சுற்றியுள்ளவை சம்புக்குள் சரிந்துவிடும். திரும்பப் பொருத்தும்போது அதைத் திருகிப் பூட்டாமல் விட்டால் ஓடுகையில் அது மேலெழுந்து வழிவிடும். பம்பைச் சரிசெய்துவிட்டு, சல்லடையை எடுத்து மாட்டும் வேலையை வீட்டில் அதை அன்றாடம் செய்பவரையே ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்ப்பது நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம். பூட்டும் ‘டக்’ என்ற உணர்வு கைக்குப் பழகும்வரை எந்தப் பழுதுநீக்கமும் நிலைக்காது.

விசிறிச் சக்கரத்தைக் குச்சியால் சுழற்றும்போது அது வழுக்கிக்கொண்டு சுழலாது, தட்டித் தட்டி நகரும். இதைப் பழுதென்று எண்ணி நல்ல பம்பைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. இந்த மோட்டார் நிலைகாந்தச் சுழலியைக் கொண்ட ஒத்தியங்கு வகையைச் சேர்ந்தது. சுழலியின் காந்தம் சுற்றியுள்ள இரும்பைப் பற்றி இழுப்பதால்தான் அந்தத் தட்டல். மேலும் சக்கரத்திற்கும் சுழலிக்கும் இடையில் ஏறத்தாழ அரைச் சுற்று அளவுக்குத் தளர்வு வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. மோட்டார் முதலில் சுமையின்றி அசைந்து விசை பெற்றபின் சக்கரத்தைப் பற்றிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. ஆகவே தட்டலும் தளர்வும் ஆரோக்கியத்தின் அடையாளங்கள். தட்டலே இல்லாமல் சக்கரம் வெறுமனே சுழல்வதுதான் அதன் இணைப்பு உடைந்ததற்குச் சான்று. 230 வோல்ட் பம்பின் சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலும் 150 ஓமை ஒட்டிய அளவு வரும். எல்லையின்மை காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. குளிர்ந்திருக்கும்போது ஓடி, சுடுநீர்ச் சுற்றின் இறுதியில் மட்டும் நிற்கும் பம்ப் ஒன்று உண்டு. மதியம் வரும் மெக்கானிக்கிடம் அது எப்போதும் நன்றாகவே ஓடிக்காட்டும் என்பதால் சூடான சுற்றை முழுமையாக ஓட்டிக் காத்திருந்தால் ஒழிய அதைப் பிடிக்க முடியாது.

ஹோஸும் அதன் முனை மூட்டும் அடைபடுவது பெரும்பாலும் கொழுப்பினால். தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உறையத் தொடங்கும்; நெய்யும் வனஸ்பதியும் அதைவிடக் கூடிய வெப்பத்திலேயே கெட்டிப்படும். இயந்திரத்திற்குள் 60, 70 பாகையில் உருகி ஓடும் கொழுப்பு, ஹோஸின் மடிப்புகளிலும், அதைவிடக் குளிர்ந்த சிங்க் மூட்டிலும் வந்து படிந்து, நாளடைவில் பதினெட்டு மில்லிமீட்டர் வழியைப் பென்சில் துளையாக்கிவிடுகிறது. எண்ணெய் மிகுந்திருக்கும் வாணலியை டிஷ்யூ தாளால் ஒற்றிவிட்டுப் போடாமல், எப்போதும் குறைந்த வெப்பத்துச் சிக்கனச் சுற்றிலேயே ஓட்டும் வீடுகளில் இது விரைவில் நிகழும். ஹோஸைக் கழற்றி வெளியே எடுத்து, வாஷிங் சோடா கரைத்த சுடுநீரை ஊற்றி, வளைத்து வளைத்துக் குலுக்கினால் சாம்பல் நிறக் கட்டிகள் விழும். குளியலறைக்கு வைத்திருக்கும் ஆசிடையோ அடைப்பு நீக்கும் காரத் தூளையோ இயந்திரத்திற்குள் ஊற்றுவது ரப்பர் சீல்களையும் ஸ்டீல் தொட்டியையும் அரித்துவிடும். அடுத்து வந்து உள்ளே கை விடும் மெக்கானிக்கின் தோலையும் சேர்த்துத்தான்.

ஹோஸின் உயரத்தைப் பற்றிப் பரவலாகக் கிடைக்கும் அறிவுரைகள் பல அமெரிக்கச் சமையலறைகளுக்கானவை. அங்கே சிங்கின் அடியில் உணவரைப்பான் இருக்கும். அதன் பக்கவாயிலுள்ள அடைப்பைத் தட்டி எடுக்க மறந்தால் புதிய இயந்திரம் முதல் நாளே நீரை வெளியேற்றாது. கலிஃபோர்னியாவில் கழிவுநீர் பின்னோக்கி ஏறாதபடி சிங்கின்மேல் காற்றிடைவெளிக் கருவி பொருத்துவதைக் குழாய் விதிகளே கட்டாயமாக்கியுள்ளன. சென்னை வீட்டில் இவ்விரண்டும் அரிது. இங்கே வேண்டியது ஹோஸைச் சிங்கின் அடிமட்டம்வரை உயர்த்தி வளைத்து, கிளாம்ப் போட்டுக் கட்டிவிட்டு, பிறகு இணைப்புக்கு இறக்குவது. அந்த வளைவு இருந்தால் சிங்க் நீர் எளிதில் பின்வாங்காது. உயரம் ஒரு மீட்டரைத் தாண்டினாலோ சிறு பம்ப் திணறும். தரையின் நஹானி ட்ராப்பில் நேரே செருகிய ஹோஸ் இதற்கு நேர்மாறான தொல்லையைத் தரும்: எடுக்க எடுக்க நீர் தானே வடிந்துபோக, இயந்திரம் நீர் வரவில்லை என்று புகார் சொல்லும். ட்ராப்பின் நீருக்குள் முனை மூழ்கிக் கிடந்தால், ஒரு சமயம் வடிவதும் மறுசமயம் துணி இயந்திரத்தின் நுரைநீர் ஏறிவருவதுமாக இரண்டு தொல்லைகளும் ஒரே வீட்டில் மாறி மாறி வரும்.

நுரை தனிக் கதை. டிடர்ஜென்ட் தீர்ந்த நாளில் சிங்கில் இருக்கும் பாத்திரத் திரவத்தை ஊற்றி ஓட்டினால், பம்ப் நீருக்குப் பதில் நுரையை விழுங்கி வலுவிழக்கும். கதவைத் திறந்துவைத்து நுரை அடங்கியபின் வெளியேற்றினால் சரியாகிவிடும். நிறுத்தினாலும் நிற்காமல் டிரெயின் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால், கோளாறு தொட்டிக்குக் கீழேயுள்ள அடித்தகட்டில்: எங்கோ கசிந்த நீர் அங்கே தேங்கித் தெர்மோகோல் மிதவையை உயர்த்திவிட்டது என்று பொருள், பாஷ் குடும்பத்தில் அதற்கு ஈ15 என்று குறி. யுடிலிட்டியில் இந்தக் கசிவுக்குக் காரணம் பல வேளை எலி கடித்த ஹோஸ். அதை டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிடுவதே மேல்.

வேலை முடிந்தபின் இரண்டு லிட்டர் நீரைத் தொட்டியில் ஊற்றி, ஹோஸை அதன் உண்மையான இடத்திலேயே மாட்டி வெளியேற்றிப் பார்த்து, பிறகு சிங்க் நிரப்பும் சோதனையையும் செய்து, மூட்டுகளின் அடியில் ஒரு காய்ந்த செய்தித்தாளை விரித்து ஈரம் படிகிறதா என்று பார்ப்பது முறை. சர்வீஸ் சீட்டில் "பம்ப் சுத்தம் செய்யப்பட்டது" என்பதோடு, ஹோஸின் உச்சி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், அது எந்தக் குழாயில் போய்ச் சேர்கிறது, ஒருவழி வால்வு மூடுகிறதா என்பவற்றையும் எழுதிவைத்தால், அடுத்து வருபவர் பிளம்பராயினும் மெக்கானிக்காயினும் அந்த மூட்டிலிருந்தே தொடங்க முடியும்.